சிவப்புப் புள்ளிக்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பு

ஆடி மாதம் வன்னியில் ஒட்டுசுட்டான் பக்கம் போனால் தேக்கஞ்சருகு காலடியில் நொறுங்கும். சோளகக் காற்று இரைகிற அந்த நாட்களில் ஒரு பீடித்துண்டு போதும். இளம்புல் துளிர்க்கட்டும் என்று வேட்டைக்காரர் வைக்கும் நெருப்பு, தேன் எடுக்க மூட்டும் புகை, காணி துப்புரவாக்கிக் கொளுத்தும் குப்பை: நான் பார்த்த தீக்கள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கின.

வரைபடம் என் தொழில். காட்டுத்தீக்குத் திட்டம் போடக் கூப்பிடுகிறவர்கள் முதலில் கேட்பது செய்மதித் தகவல். தீயுள்ள இடத்தைச் சிவப்புப் புள்ளியாகக் காட்டும் அதை நாசாவின் ஃபர்ம்ஸ் தளம் இலவசமாகவே தருகிறது, மின்னஞ்சலுக்கும் அனுப்பும். ஆனால் அதற்குத் தகவல் தரும் வியர்ஸ் என்ற செய்மதிக் கருவியின் ஒரு புள்ளி 375 மீற்றர் சதுரம், கிட்டத்தட்ட 35 ஏக்கர். அதற்குள் தீ எங்கே என்று சொல்லாது. அந்தச் செய்மதிகள் நம் தலைக்கு மேலே வருவது பகல் ஒன்றரை, இரவு ஒன்றரை மணியளவில். தகவல் வந்துசேர மேலும் மூன்று மணி நேரம் வரை ஆகலாம். பின்னேரம் மூன்று மணிக்குப் பற்றிய தீயை விடியப்புறம்தான் காண்போம்.

நெடுங்கேணிப் பக்கம் அப்படித்தான் நடந்தது. காலையில் திரையில் புள்ளியைக் கண்டேன். முதல்நாள் பின்னேரமே மாடு மேய்த்த ஒரு ஐயா புகையைக் கண்டு ஒரு ஒபிசுக்கு அழைத்திருக்கிறார். "அது எங்கட எல்லை இல்லை, மற்ற ஒபிசுக்குச் சொல்லுங்கோ" என்றார்களாம். மற்ற இடத்தில் யாரும் எடுக்கவில்லை. எனக்கு இன்றும் ஆறவில்லை.

ஆகவே ட்ரோன் வாங்கமுதல், அழைப்பு யாரிடம் போகும், அவர் எடுக்காவிட்டால் அடுத்து யார் என்பதை வனவளத் திணைக்களமும் பிரதேச செயலகமும் அனர்த்த முகாமைத்துவப் பிரிவும் ஒன்றாக இருந்து எழுதவேண்டும். செய்மதிப் புள்ளியும் அதே பட்டியலுக்கே போகவேண்டும். வரைபடத்தில் தண்ணீர்ப் பவுசர் போகக்கூடிய பாதை, ஆவணியிலும் தண்ணீர் நிற்கும் குளம், சிக்னல் இல்லாத இடம் எல்லாம் இருக்கவேண்டும். வன்னியில் இன்னொன்றும் கட்டாயம்: கண்ணிவெடி அகற்றி முடியாத பகுதிகள். தீயின் சூட்டில் பழைய வெடிபொருள் வெடிக்கும். அதற்குள் யாரையும் அனுப்பக்கூடாது; வெளியே பாதுகாப்பான இடத்தில் தீ தாண்டாதபடி தீவரம்பு வெட்டி நிற்பதுதான் வழி.

குளங்களின் தண்ணீர்க் கணக்கைக் கமக்காரர் அமைப்புகளிடம் வைகாசிக்குள் கேட்டு எழுதிவிடுங்கள்.

புகை கண்டால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழையுங்கள். கிட்டவுள்ள குளத்தின் பெயர், காற்று அடிக்கும் திசை, வாகனம் எந்தப் பாதையால் வரலாம். இந்த மூன்றையும் சொல்லுங்கள்.