மேற்கு சிட்னியில் பொலிஸ் கதவைத் தட்டும்போது

"அந்தப் பள்ளிக்கூடத்தில் லெபனான் பெடியள் கூடவாமே, பயமில்லையா?" அவுஸ்திரேலியாவின் மேற்கு சிட்னியில், வென்ட்வொர்த்வில், டூங்காபி பக்கம் வீடு பார்க்கும் எங்கள் தமிழ் ஆட்கள் என்னிடம் கேட்கிற கேள்வி இது. லெபனான் வம்சாவளியினர் நிறைய வாழும் பாங்ஸ்டவுன், லகெம்பா, பஞ்ச்போல் பகுதிகளில் குடும்பங்களோடும் பதின்ம வயதுப் பிள்ளைகளோடும் வேலை செய்யும் சமூகப் பணியாளர் நான். உள்விவரம் தெரிந்த ஆள் என்று நினைத்துக் கேட்கிறார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன், ஆனால் அவர்கள் எதிர்பார்க்கிற பதில் அது இல்லை.

குற்றமே இல்லை என்று நான் மழுப்பப் போவதில்லை. 1998 ஒக்டோபரில் பஞ்ச்போல் தெரு ஒன்றில் 14 வயதுக் கொரிய வம்சாவளிச் சிறுவன் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டான். இரண்டு கிழமை கழித்து லகெம்பா பொலிஸ் நிலையத்தின்மீதே துப்பாக்கியால் சுட்டார்கள். இப்போதும் போதைமருந்து வியாபாரத்தைச் சுற்றி நடக்கும் சூட்டுச் சம்பவங்களில் ஒருசில குடும்பப் பெயர்கள் அடிபடுகின்றன. ஆனால் 2021 குடிசனக் கணக்கெடுப்பில் லெபனான் வம்சாவளி என்று பதிந்தவர்கள் நாடு முழுக்க இரண்டரை இலட்சத்துக்குக் கிட்ட. ஒருசிலர் செய்ததற்கு அத்தனை பேரும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சிட்னி இருக்கிற நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் ஆளுநராக 2001 முதல் 2014 வரை இருந்த மரி பஷீரும் அந்த வம்சாவளிதான். அதை எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறோம்?

லெபனானில் இருந்து ஆட்கள் இங்கே வரத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே. முதலில் வந்தவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். தோளில் மூட்டையோடு ஊர் ஊராகத் துணி விற்றார்கள், பிறகு கடை வைத்தார்கள். 1975இல் அங்கே உள்நாட்டுப் போர் வெடித்தது. அடுத்த ஆண்டு பிரதமர் மல்கம் பிரேசரின் அரசு லெபனான்காரருக்குக் குடிவரவு விதிகளைத் தளர்த்தியது. 1971இல் சுமார் 24 ஆயிரமாக இருந்த லெபனானில் பிறந்தோர் தொகை, 1981இல் 50 ஆயிரத்தைத் தொட்டது. வடக்கே திரிப்போலியைச் சுற்றியுள்ள கிராமங்களில் இருந்தும், தெற்கில் இருந்தும் வந்தவர்கள் நிறைய. படிப்புக் குறைவு, ஆங்கிலம் இல்லை, ஆனால் தொழிற்சாலையில் வேலை இருந்தது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அந்தத் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. நாற்பது வயதில் முதுகு முறிந்து வீட்டோடு இருந்துவிட்ட அப்பாமாரை நான் நிறையச் சந்தித்திருக்கிறேன். அவர்களுடைய பிள்ளைகள்தான் தொண்ணூறுகளின் 'லெபனான் கும்பல்' செய்திகளில் வந்த தலைமுறை. போர், வேலையின்மை, வாடகை குறைந்த புறநகர், மதிக்காத பள்ளிக்கூடம் எல்லாம் ஒரே இடத்தில் குவிந்தால் எந்த இனத்துப் பெடியனும் தெருமுனைக்குத்தான் போவான். போரில் இருந்து ஓடி வந்த நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

1998 சம்பவங்களுக்குப் பிறகு மாநில முதல்வர் பொப் காரும் பொலிஸ் ஆணையாளர் பீட்டர் ரயனும் வெளிப்படையாகவே 'லெபனான் கும்பல்' என்று பேசினார்கள். 2005 டிசம்பர் 4ஆம் திகதி சிட்னியின் குரொனுல்லா கடற்கரையில் உயிர்காப்புத் தொண்டர்கள் மத்திய கிழக்குத் தோற்றத்து இளைஞர்கள் சிலரால் தாக்கப்பட்டார்கள். அதைப் பிடித்துக்கொண்டு வானொலியிலும் குறுஞ்செய்தியிலும் ஆள் திரட்டினார்கள். 11ஆம் திகதி சுமார் 5,000 பேர் கூடி, மத்திய கிழக்குத் தோற்றம் என்று பட்டவர்களை எல்லாம் துரத்தி அடித்தார்கள், ரயில் பெட்டிக்குள் புகுந்தும் அடித்தார்கள். அன்றிரவும் மறுநாளும் மேற்கு சிட்னியில் இருந்து கார்களில் போனவர்கள் பழிக்குப் பழி என்று கண்ணாடிகளை உடைத்தார்கள், ஆட்களையும் தாக்கினார்கள். அப்போதைய பிரதமர் ஜோன் ஹவார்ட், நாட்டில் அடியோட்டமாக இனவாதம் இருப்பதாகத் தான் ஏற்கவில்லை என்றார். 'மத்திய கிழக்குத் தோற்றம்' என்பது கடவுச்சீட்டைப் பார்த்து எழுதுகிற விபரம் இல்லை. அன்று அந்தக் கடற்கரையில் மாநிறத்துத் தமிழ்ப் பிள்ளை ஒருவன் நின்றிருந்தால் அவனுடைய பூர்வீகத்தை யார் விசாரித்திருப்பார்கள்?

என் வேலையில் நான் பார்ப்பது இந்தப் பெரிய செய்திகளை அல்ல, அவை வீட்டுக்குள் செய்கிற வேலையை. முத்திரை குத்தப்பட்ட சமூகம் வாயை மூடிக்கொள்கிறது. அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன்: 15 வயதுப் பெடியன் ஒருவன் கூட்டாளி கொண்டுவந்த திருட்டுக் காரில் ஏறிப் போனான். முதல் தடவை, சின்ன விஷயம். பொலிஸ் வந்தபோது தாய்க்கு ஆங்கிலம் விளங்கவில்லை. பதினொரு வயதுத் தங்கைதான் வாசலில் நின்று மொழிபெயர்த்தாள். அண்ணனைக் காப்பாற்ற நினைத்துப் பாதியை விட்டுவிட்டாள். அடுத்து வந்த கடிதத்தைத் தாய் சமையலறை இழுப்பறையில், ரசீதுகளுக்கு அடியில் ஒளித்துவைத்தார். தகப்பனுக்குத் தெரியக்கூடாது, அதைவிட முக்கியமாகப் பெரியப்பாவுக்குத் தெரியக்கூடாது. "அரபுக்காரன் பிள்ளை என்றால் இப்படித்தான்" என்று பக்கத்து வீட்டார் சொல்வார்கள் என்ற பயம் வேறு. எச்சரிக்கையோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம் சிறுவர் நீதிமன்றம் வரை போனது.

நியூ சவுத் வேல்ஸில் 1997ஆம் ஆண்டின் இளம் குற்றவாளிகள் சட்டம் இதற்காகத்தான் இருக்கிறது. குற்றம் நடந்தபோது 10 முதல் 17 வயதுவரை இருந்தவர்களுக்கு, பாரதூரமில்லாத பல குற்றங்களில், நீதிமன்றத்துக்குப் போகாமலே மூன்று வழிகள் உண்டு: வாய்மொழி எச்சரிக்கை, முறையான எச்சரிப்பு, பாதிக்கப்பட்டவரோடு அமர்ந்து பேசும் இளைஞர் நீதிக் கூட்டம். கடைசி இரண்டுக்கும் பிள்ளை குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அதனால்தான் ஒப்புக்கொள்வதற்கு முன்னால் சட்ட ஆலோசனை கட்டாயம் என்று நான் படித்துப் படித்துச் சொல்கிறேன். சட்ட உதவிச் சபைக்குச் சிறுவர்களுக்கென்றே இலவசத் தொலைபேசி வழி இருக்கிறது. 2024இல் பிணைச் சட்டத்தையும் இறுக்கிவிட்டார்கள். கார்த் திருட்டு, வீடுடைப்பு வகைக் குற்றத்தில் பிணையில் இருக்கும் 14 முதல் 17 வயதுவரையான பிள்ளை அதே வகைக் குற்றத்தில் மறுபடி மாட்டினால், வெளியே எடுப்பது முன்னைப்போல் சுலபமில்லை. முதல் கடிதத்தை ஒளித்துவைக்கிற காலம் போய்விட்டது.

மாறியும் இருக்கிறது. பஞ்ச்போல் ஆண்கள் உயர்நிலைப் பள்ளி என்றாலே ஒருகாலத்தில் மூக்கைச் சுளிப்பார்கள். லெபனானில் பிறந்த ஜிஹாத் டிப் அங்கே அதிபராக இருந்த ஆண்டுகளில் அது தலைநிமிர்ந்தது. அவர் 2015இல் லகெம்பா தொகுதி உறுப்பினராகி, பிறகு அமைச்சரும் ஆனார். குரொனுல்லாவுக்குப் பிறகு முஸ்லிம் இளைஞர்களை உயிர்காப்புப் பயிற்சிக்கு எடுத்தார்கள். ஒரு லெபனான் வம்சாவளிப் பெண்ணே உடல் மறைத்த நீச்சல் உடையில் கடற்கரைக் காவலுக்கு நின்றாள். ஆனால் 2016இல் குடிவரவு அமைச்சராக இருந்த பீட்டர் டட்டன், பிரேசர் காலத்தில் சிலரை உள்ளே விட்டது தவறு என்று பேசியதும், அடுத்த கிழமை என் அறைக்கு வந்த பெடியன் ஒருவன், "நான் பிறந்ததே தவறாம் மிஸ்" என்று சிரித்தான். அவன் பிறந்தது ஒபர்ன் மருத்துவமனையில்.

சரி, நடைமுறைக்கு வருவோம். லெபனான் குடும்பம், தமிழ்க் குடும்பம் என்ற வித்தியாசம் இதில் இல்லை. பொலிஸ் வாசலுக்கு வந்தால் பிள்ளையை மொழிபெயர்க்க விடாதீர்கள், தொலைபேசி மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். மொழிபெயர்ப்பாளரைப் பொலிஸ் அழைத்தால் அதற்கு நீங்கள் காசு கட்டத் தேவையில்லை. தெருவில் மறித்துச் சோதனை போட்டால் அதிகாரி தன் பெயர், நிலையம், காரணம் மூன்றையும் சொல்ல வேண்டும். பிள்ளை வாதாடாமல், ஓடாமல், தன் பெயரையும் முகவரியையும் கொடுத்துவிட்டு, மற்றக் கேள்விகளுக்குச் சட்டத்தரணியோடு பேசிய பிறகு பதில் சொல்கிறேன் என்று அமைதியாகச் சொல்லப் பழக்குங்கள். நிலையத்துக்குக் கூட்டிப்போனால் அம்மாவோ அப்பாவோ உடனே போங்கள். போகவே முடியாவிட்டால் பிள்ளை நம்புகிற பெரியவர் ஒருவரை அனுப்புங்கள். கையொப்பம் கேட்கிற தாளை வாசித்து விளங்காமல் எதிலும் கை வைக்க வேண்டாம். அப்புறம், கடிதம் வந்தால் அன்றே திறந்து பாருங்கள், திகதியை நாட்காட்டியில் குறியுங்கள்.