ஆயிரத்தில் ஏழு: ஈரான் அணு ஒப்பந்தம் வாங்கிய அவகாசம்

ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிப் பழகியவர்களுக்கு யுரேனியக் கணக்கு எளிதில் பிடிபடும். முறத்தில் ஆயிரம் மணி கிடக்கிறது. அதில் நமக்கு வேண்டியது ஏழே ஏழு. நிறம் ஒன்று, வடிவம் ஒன்று. வேண்டியது மட்டும் ஒரு துளி எடை குறைவு. மண்ணிலிருந்து வெட்டியெடுக்கும் யுரேனியம் இப்படித்தான் வருகிறது. ஆயிரம் அணுவுக்குச் சுமார் ஏழு யு-235 என்ற லேசான வகை, மற்றவை ஏறக்குறைய எல்லாமே யு-238 என்ற கனமான வகை. எளிதில் பிளந்து, தொடர்வினையை ஓட்டுவது அந்த ஏழுதான்.

இப்போது வேண்டாததைப் பொறுக்கி எறிவோம்; இதற்குத்தான் செறிவூட்டல் என்று பெயர். 809 மணியை எறிந்தால் 191 மிஞ்சும். 191க்கு ஏழு என்றால் 3.67 சதவீதம். அணுமின் உலை எரிபொருள் இந்த வட்டாரத்தில்தான் இருக்கும். இன்னும் 156ஐ எறிந்தால் 35க்கு ஏழு, அதாவது 20 சதவீதம். அப்புறம் 23ஐ எறிந்தால் 12க்கு ஏழு; 60 சதவீதத்தைத் தொட்டுவிட்டோம். அதன்பின் நாலே நாலு மணி. எட்டுக்கு ஏழு என்று வந்து நிற்கும்போது கையில் இருப்பது குண்டுக்கு ஆகும் சரக்கு, 90 சதவீதத்தை ஒட்டியது.

உண்மையான ஆலையில் எறியும் குவியலோடு சில நல்ல மணியும் போய்விடும், அதனால் எண்கள் கொஞ்சம் மாறும். ஆனால் சங்கதி மாறாது: உழைப்பில் பெரும்பகுதி தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. 3.67க்கும் 90க்கும் நடுவே மலையளவு தூரம் என்று நினைக்கிறோம். மலை 3.67க்கு முன்னாலேயே ஏறி முடிந்துவிட்டது, மீதி இறக்கம்.

2015 ஜூலை 14 அன்று வியன்னாவில் அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி ஆகிய ஆறு நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் ஈரானோடு செய்துகொண்ட உடன்பாட்டை இந்தக் கணக்கு தெரியாமல் படித்தால் வெறும் எண்களின் குவியலாகத்தான் தெரியும். 3.67 சதவீதம், 300 கிலோ, 5,060 இயந்திரங்கள், 15 ஆண்டு. கணக்கு தெரிந்தால் எல்லாம் ஒரே கேள்விக்கான விடை: ஈரான் மனம் மாறி, இன்று காலை குண்டுக்குப் புறப்பட்டால் ஒரு குண்டுக்கான யுரேனியம் சேர எத்தனை நாள் ஆகும்?

பொறுக்கும் வேலையைச் செய்வது கை அல்ல, மையவிலக்கு இயந்திரம். இரண்டு யுரேனியத்துக்கும் வேதியியல் குணம் ஒன்றே என்பதால் அமிலம் ஊற்றிப் பிரிக்க வழியில்லை. எடை ஒன்றுதான் பிடி. யுரேனியத்தை ஃபுளூரினோடு சேர்த்து யுரேனியம் ஹெக்ஸாஃபுளூரைடு ஆக்கினால், 56 டிகிரி செல்சியஸை ஒட்டி அது திண்மத்திலிருந்து நேரே வாயுவாகிவிடுகிறது. இதில் இயற்கை செய்த ஓர் உதவியும் உண்டு. ஃபுளூரினுக்கு நிலையான ஐசோடோப்பு, அதாவது எடை வகை, ஒன்றே ஒன்றுதான். அதனால் மூலக்கூறுகளுக்கிடையே எடை வித்தியாசம் தெரிந்தால் அது யுரேனியத்தால் மட்டுமே வந்தது. மூலக்கூறின் எடை 349 அல்லது 352. ஒரு சதவீதம்கூட வித்தியாசமில்லை.

அந்த வாயுவை ஆளுயர உருளைக்குள் விட்டு, நொடிக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் சுழற்றுகிறார்கள். கனமானது சுவரோரம் ஒதுங்கும், லேசானது நடுவில் நிற்கும். தயிர் கடையும்போது வெண்ணெய் திரள்வது போல என்று சொல்ல ஆசைதான், ஆனால் இங்கே ஒரு கடைசலில் எதுவும் திரளாது. ஓர் இயந்திரம் தரும் பலன் மிகச் சொற்பம். அதன் வெளியீட்டை அடுத்ததற்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று நூற்றுக்கு மேற்பட்ட இயந்திரங்களைக் குழாயால் கோர்க்க வேண்டும். ஈரானின் முதல் தலைமுறை இயந்திரமான ஐஆர்-1, பாகிஸ்தானின் அணுகுண்டு விஞ்ஞானி ஏ.கியூ.கான் நெதர்லாந்திலிருந்து கொண்டுபோன வடிவமைப்பின் வழி வந்தது. அடிக்கடி பழுதாகும் பழைய சாதனம். ஆனால் பழைய சாதனமும் எண்ணிக்கையில் ஆயிரக்கணக்காகும்போது பேச்சே வேறு.

2015க்கு முன் ஈரானிடம் 19,000க்கும் மேற்பட்ட இயந்திரங்கள் இருந்தன. குறைசெறிவு யுரேனியம் டன் கணக்கில் இருந்தது. அந்த நிலையில் மேற்சொன்ன கேள்விக்கு அமெரிக்கா போட்ட விடை இரண்டு, மூன்று மாதம். உடன்பாடு அதை ஓராண்டாக நீட்டியது. செறிவு 3.67 சதவீதத்தையும் கையிருப்பு 300 கிலோவையும் தாண்டக்கூடாது. இயந்திரங்களில் பெரும்பாலானவை கழற்றிக் கிடங்கில் வைக்கப்பட்டன. நதான்ஸ் ஆலையில் 5,060 மட்டும் செறிவூட்டலுக்கு விடப்பட்டன. மலைக்கு அடியில் இருக்கும் ஃபோர்தோ ஆலையில் 15 ஆண்டுக்குச் செறிவூட்டல் கூடாது. 2015 டிசம்பர் கடைசியில் 11 டன் அளவுக்குச் சரக்கு கப்பலேறி ரஷ்யா போனது. குண்டுக்கு ஆகும் இன்னொரு பொருளான புளூட்டோனியத்தின் வழியை அடைக்க, அதைத் தரக்கூடிய அராக் உலையின் மையக்கலனைப் பெயர்த்தெடுத்து அதன் குழாய்களில் கான்கிரீட் ஊற்றினார்கள்.

மேசையின் இரு பக்கமும் இயற்பியல் தெரிந்தவர்கள் இருந்ததும் உதவியது. அமெரிக்க எரிசக்தி அமைச்சர் எர்னஸ்ட் மோனிஸ் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். ஈரான் அணுசக்தித் தலைவர் அலி அக்பர் சலேஹி அதே எம்ஐடியில் முனைவர் பட்டம் வாங்கியவர். அதைவிட விசித்திரம், டெஹ்ரானில் உள்ள ஆய்வு உலை 1967இல் அமெரிக்கா கொடுத்தது. குண்டுக்கு ஆகும் செறிவுள்ள எரிபொருளோடு சேர்த்தே கொடுத்தது. மன்னர் ஷா ஆண்ட காலத்தில் அது நட்பு. 1979 புரட்சிக்குப் பின் அதே நாட்டோடு 3.67 சதவீதத்துக்கு 20 மாதப் பேரம்.

சர்வதேச அணுசக்தி முகமைக்குக் கிடைத்த அதிகாரத்தையும் சொல்ல வேண்டும். செறிவூட்டும் குழாய்களிலேயே அளவீட்டுக் கருவி, மின்னணு முத்திரை, மையவிலக்கு உதிரிபாகங்கள் செய்யும் பட்டறைகள் மீது 20 ஆண்டுக் கண்காணிப்பு, தாது அரைக்கும் ஆலைகள் மீது 25 ஆண்டு. திருட்டுத்தனமாக ஓர் ஆலை கட்ட வேண்டுமானால் சுரங்கம் முதல் உருளை வரை எல்லாவற்றையும் திருட்டுத்தனமாகவே செய்ய வேண்டும் என்ற நிலை. என் கண்ணுக்கு, உடன்பாட்டின் பலமான பகுதி 3.67 அல்ல, இந்தக் கண்காணிப்புதான்.

பதிலுக்கு ஈரானுக்குக் கிடைத்தது கடையைத் திறக்கும் உரிமை. அணுத் திட்டத்துக்காக ஈரான் மீது போட்டிருந்த பொருளாதாரத் தடைகள் 2016 ஜனவரி 16 அன்று விலகின. இன்னும் பீப்பாய்கள் சந்தைக்கு வரப்போகின்றன என்ற எதிர்பார்ப்பிலேயே, ஏற்கெனவே சரிந்துகொண்டிருந்த பிரென்ட் கச்சா எண்ணெய் இரண்டு நாளில் பீப்பாய் 28 டாலருக்கும் கீழே போனது. அதே ஆண்டு மே மாதம் ஈரானின் சபஹார் துறைமுகத்துக்காக இந்தியா, ஈரான், ஆப்கானிஸ்தான் மூன்றும் கையெழுத்திட்டன. பாகிஸ்தானைத் தொடாமல் காபூலுக்குச் சரக்கு அனுப்ப டெல்லி பல ஆண்டாகத் தேடிய வழி அது. ஈரான் ஏர், ஏர்பஸ்ஸிடம் 100 விமானம் கேட்டது. வந்து சேர்ந்தவை மூன்று.

சென்னைக்காரர்களுக்கு இது தொலைதூரச் சங்கதி அல்ல. 1965இல் மணலி சுத்திகரிப்பு ஆலை தொடங்கியபோது மத்திய அரசோடும் அமெரிக்க அமோகோவோடும் பங்கு போட்டது ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனம். ஒரே ஆலையில் அமெரிக்காவும் ஈரானும் கூட்டாளிகள்! அந்த ஈரானியப் பங்கு, துணை நிறுவனத்தின் பெயரில், இன்று சென்னை பெட்ரோலியம் (சிபிசிஎல்) எனப்படும் அந்த நிறுவனத்தில் 15.4 சதவீதமாகத் தொடர்ந்துவருகிறது. கொழும்பை ஒட்டிய சப்புகஸ்கந்த ஆலையும் ஈரான் எண்ணெய்க்கு ஏற்றபடி கட்டப்பட்டதுதான். தடைகள் வந்தால் இந்த ஆலைகள் வேறு எண்ணெய் தேடி அலைய வேண்டும். வாங்கிய எண்ணெய்க்குப் பணம் அனுப்பவும் வழி இருக்காது. 2021 டிசம்பரில் இலங்கை 25.1 கோடி டாலர் எண்ணெய்க் கடனைத் தேயிலையாகக் கொடுத்துத் தீர்க்க உடன்பட்டது அதனால்தான். இந்தியாவும் 2012 முதல் எண்ணெய்க் காசில் ஒரு பகுதியைக் கொல்கத்தாவின் யூகோ வங்கியில் ரூபாயாகப் போட்டுவந்தது. ஈரான் அதை பாசுமதி அரிசியாகவும் மற்றவையாகவும் எடுத்துக்கொண்டது.

எல்லோருக்கும் இந்த உடன்பாடு இனிக்கவில்லை. இஸ்ரேலுக்கு முதல் நாளிலிருந்தே கசப்பு. வளைகுடாவின் வருத்தம் வேறு வகை. 2009இல் அமெரிக்காவோடு அணு ஒப்பந்தம் போட்ட ஐக்கிய அரபு அமீரகம், செறிவூட்டவே மாட்டோம் என்று எழுதிக்கொடுத்த நாடு. நண்பனுக்கு மறுத்ததைப் பகைவனுக்குக் கொடுத்தால் நண்பன் என்ன நினைப்பான்? ஈரான் குண்டு செய்தால் நாங்களும் செய்வோம் என்று 2018இல் சவூதி இளவரசர் முகமது பின் சல்மான் தொலைக்காட்சியில் வெளிப்படையாகவே சொன்னார். ஏவுகணைகளைப் பற்றியும் ஹிஸ்புல்லா போன்ற அமைப்புகளுக்குப் போகும் பணத்தைப் பற்றியும் உடன்பாட்டுக்குள் கட்டுப்பாடு எதுவும் இல்லை என்ற அவர்கள் புகாரில் நியாயம் இருந்தது. ஆனால் அவற்றையும் சேர்த்திருந்தால் 20 மாதத்தில் எதுவுமே முடிந்திருக்காது என்பதும் நியாயம்தான்.

ஓட்டை வேறிடத்தில் இருந்தது. இந்த உடன்பாட்டில் யாரும் கையெழுத்துப் போடவில்லை! ஒப்பந்தம் என்றால் அமெரிக்க செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். ஒபாமாவிடம் அது இல்லை. அதனால் அரசியல் வாக்குறுதி என்ற அளவிலேயே நிறுத்தி, ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலின் 2231ஆம் தீர்மானத்தில் ஏற்றிவைத்தார்கள். ஓர் அதிபர் கொடுத்த வாக்கை அடுத்தவர் எடுத்துவிடலாம். 2018 மே 8 அன்று டிரம்ப் எடுத்தார்; அமெரிக்கத் தடைகள் திரும்பின. ஈரான் அதுவரை வரம்புக்குள் இருப்பதாகத்தான் முகமை அறிக்கைகள் சொல்லிவந்தன.

ஐரோப்பிய அரசுகள் நாங்கள் விலகவில்லை என்றன. அவர்கள் நிறுவனங்கள் மட்டும் விலகின. பன்னாட்டு வணிகத்தின் டாலர் பரிமாற்றம் பெரும்பாலும் நியூயார்க் வழியாகத்தான் தீர்கிறது. அமெரிக்கத் தடையை மீறியதற்காக 2014இல் பிஎன்பி பாரிபா வங்கி கிட்டத்தட்ட 900 கோடி டாலர் அபராதம் கட்டியது எல்லோருக்கும் நினைவிருந்தது. டோட்டல் நிறுவனம் தெற்கு பார்ஸ் வாயு வயலை விட்டு வெளியேறியது. டாலர் இல்லாமல் வணிகம் செய்ய ஐரோப்பா 2019இல் தொடங்கிய இன்ஸ்டெக்ஸ் என்ற ஏற்பாடு, மருத்துவப் பொருளுக்கு ஒரு பரிவர்த்தனை முடித்ததோடு சரி, 2023இல் மூடிவிட்டார்கள். ஈரான் எண்ணெய் வாங்க அமெரிக்கா இந்தியாவுக்குக் கொடுத்த சலுகையும் 2019 மே மாதத் தொடக்கத்தில் முடிந்தது. ஈரான் எண்ணெய் இந்தியத் துறைமுகங்களுக்கு வருவது நின்றது. பெரிய வாடிக்கையாளராக மிஞ்சியது சீனா. 2023 மார்ச்சில் சவூதியையும் ஈரானையும் பெய்ஜிங்கில் உட்காரவைத்துக் கைகுலுக்கச் செய்ததும் அதே சீனாதான்.

ஈரான் உடனே மீறவில்லை, ஓராண்டு பொறுத்தது. 2019 மே முதல் ஒவ்வொரு படியாக ஏறியது. 2021 ஜனவரியில் 20 சதவீதம். நதான்சில் நாசவேலை நடந்த சில நாளில், 2021 ஏப்ரலில், 60. முறத்துக் கணக்கில் சொன்னால், 191க்கு ஏழில் நிறுத்திவைத்திருந்த இடத்திலிருந்து 12க்கு ஏழுக்கு. ஐஆர்-1ஐவிடப் பல மடங்கு வேகமான இயந்திரங்களும் வந்துவிட்டன. 2022 ஜூனில் முகமையின் கேமராக்களை ஈரான் அகற்றச் செய்தது. உருளைகளை உடைக்கலாம், அவற்றைச் செய்து பழகிய பொறியாளர்களின் கைப்பழக்கத்தை எந்த உடன்பாடும் திரும்ப வாங்க முடியாது.

வியன்னா உடன்பாட்டில் இருந்த ஒரு சாமர்த்தியமான பொறி கடைசியில்தான் முடுக்கப்பட்டது. பாதுகாப்பு கவுன்சிலில் தடை கொண்டுவர யாராவது முயன்றால் ரஷ்யாவோ சீனாவோ வீட்டோ போட்டு நிறுத்தலாம். 2231 இதைத் தலைகீழாக்கியது. ஈரான் மீறிவிட்டது என்று உடன்பாட்டு நாடு ஒன்று கடிதம் கொடுத்தால் 30 நாள் கெடு. தடை விலக்கு தொடரட்டும் என்று அதற்குள் கவுன்சில் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். நிறைவேறாவிட்டால் பழைய தடைகள் தாமாகத் திரும்பும். அதாவது வீட்டோ இப்போது தடையை நிறுத்தாது, விலக்கைத்தான் நிறுத்தும். 2025 ஆகஸ்ட் 28 அன்று பிரிட்டனும் பிரான்சும் ஜெர்மனியும் கடிதம் கொடுத்தன. செப்டம்பர் கடைசியில் தடைகள் திரும்பின. ரஷ்யாவும் சீனாவும் அதை ஏற்க மறுத்துவிட்டன. ஒரே தீர்மானம் சிலருக்கு உயிரோடும் சிலருக்குச் செத்தும் இருந்தது.

அதற்கு முன்பே குண்டுகள் விழுந்துவிட்டன. 2025 ஜூன் 13 அன்று இஸ்ரேல் தாக்கியது. 22 அன்று அமெரிக்கா ஃபோர்தோ, நதான்ஸ், இஸ்ஃபஹான் மூன்றையும் தாக்கியது. மலையைத் துளைத்துப் போக 13,000 கிலோ எடையுள்ள குண்டுகள் தேவைப்பட்டன. தாக்குதல் தொடங்கிய நாளில் ஈரானிடம் 60 சதவீத யுரேனியம் 440.9 கிலோ இருந்ததாக முகமை கணக்கிட்டது. இன்னும் கொஞ்சம் செறிவூட்டினால் ஒரு குண்டுக்குச் சுமார் 42 கிலோ என்பது முகமையின் அளவுகோல். அப்படிப் பார்த்தால் பத்துக்குக் கிட்ட.

கட்டடங்கள் சரிந்ததை செயற்கைக்கோள் படத்தில் யாரும் பார்க்கலாம். 440.9 கிலோவை அப்படிப் பார்க்க முடியாது. முக்குளிப்பவர்கள் முதுகில் கட்டும் உருளை அளவுள்ள கலன்களில் அடங்கிவிடும் சரக்கு அது. அந்த ஆண்டு முடியும்வரையும் முகமையின் ஆய்வாளர்களால் அதை நேரில் எடைபோட முடியவில்லை. முறத்தில் பன்னிரண்டு மணி. எறிய வேண்டியது இன்னும் நாலு.