குழந்தை மூக்குல குச்சி எவ்ளோ ஆழம் போகணும்?

ஐப்பசி கார்த்திகை அடைமழை பிடிச்சிட்டா தஞ்சாவூர், மன்னார்குடி பக்கம் குழந்தை டாக்டருங்க கிட்ட உக்கார எடம் இருக்காது, எல்லார் மடியிலயும் மூக்கு ஒழுகிட்டு ஒரு புள்ள. மூச்சு இழுக்குற புள்ளைக்கு ஸ்வாப், அதாவது மூக்குல குச்சி விட்டு சளி சாம்பிள், எடுக்கணும்னு சொன்னாலே அம்மாக்கள் பயப்படுறது அந்த நீளக் குச்சியைப் பாத்துதான்.

ஆர்எஸ்வி (சின்னப் புள்ளைங்களுக்கு சளி, மூச்சிரைப்பு கொண்டாற வைரஸ்), இன்ஃபுளூயன்சா (ஃப்ளூ வைரஸ்) எல்லாம் பெருகுறது மூக்கோட உள்சுவர் செல்லுக்குள்ள, அதனால வெறும் சளித்தண்ணி பத்தாது, செல்லும் சேந்து வரணும். அதுக்குத்தான் அண்ணத்துக்கு மேல, மூக்கோட பின்கோடி வரைக்கும் போறாங்க, மூக்கு ஓட்டையிலேந்து காது வரைக்கும் உள்ள தூரத்துல பாதி. குச்சி மேல்நோக்கி போகக்கூடாது, மூக்கோட தரையை ஒட்டி படுத்தாப்ல காது பக்கமா போகணும், மேல தூக்கி விட்டா வலி, ரத்தம் எல்லாம் வரும்.

ஆனா சின்னப் பசங்களுக்கு எப்பவும் அவ்ளோ ஆழம் போய்த்தான் ஆகணும்னு இல்ல. பெரியவங்களை விட இவங்க மூக்குல பொதுவா வைரஸ் அதிகமா இருக்கும், அதனால முன்மூக்குலயோ நடுமூக்குலயோ ஒழுங்கா சுத்தி எடுத்தாலே பிசிஆர்ல (வைரஸோட மரபுப்பொருளைத் தேடுற லேப் டெஸ்ட்) ரிசல்ட் ஆழமா எடுத்ததுக்குக் கிட்டத்தட்ட வந்துடும். தொண்டையில மட்டும் எடுக்குறதுதான் எனக்குப் பிடிக்காத வழி, ஆர்எஸ்வி அதுல நிறைய தப்பிச்சிடும். மூக்கு, தொண்டை ரெண்டையும் ஒரே டியூப்ல போட்டா கண்டுபிடிக்கிற வாய்ப்பு கூடும். கைக்குழந்தைக்கு சக்‌ஷன் வச்சு சளியை உறிஞ்சியும் எடுப்பாங்க, நல்ல சாம்பிள்தான், ஆனா அதுக்கு மெஷினும் பழகின கையும் வேணும்.

குச்சி முனையும் முக்கியம். பஞ்சு சுத்தினதுல சளி உள்ள ஊறி அங்கேயே தங்கிடும், ஃப்ளாக்டு ஸ்வாப்ல பொடி நைலான் இழைங்க நாத்தங்கால் நாத்து மாதிரி நட்டுக்கிட்டு நிக்கும், அதனால செல்லு மேலாப்லயே ஒட்டி, டியூப்ல இருக்க தண்ணில போட்டதும் கழண்டு வந்துடும். மரக்குச்சி ஆகாது, அதுல உள்ள பொருள் பிசிஆரையே கெடுக்கலாம்.

சில நிமிஷத்துலயே ரிசல்ட் காட்டுற ராபிட் டெஸ்ட்டுக்கு இன்னும் கவனம் வேணும். பிசிஆர் வைரஸோட மரபுப்பொருளை ரவுண்டுக்கு ரவுண்டு ஏறக்குறைய ரெட்டிப்பாக்கும், கொஞ்சம் இருந்தாலும் மாட்டிக்கும், ராபிட்டுக்கு அந்த வசதி இல்ல, சாம்பிள் கம்மியா இருந்தா நோய் இருந்தும் நெகட்டிவ் காட்டிடும். அதனால நெகட்டிவ்னு வந்தும் புள்ள நெஞ்சுக்கூடு உள்வாங்கி மூச்சு விட்டா பேப்பரைப் பாக்காதீங்க, புள்ளையைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.