தூரத்தைப் பார்த்து ஹைபிரிட் அயர்ன் வாங்காதீர்கள்

கோல்ஃப் கிளப் ஃபிட்டிங்குக்கு, அதாவது தங்கள் உடம்புக்கும் ஸ்விங்குக்கும் ஏற்ப மட்டையைப் பொருத்திக்கொள்ள, வருகிறவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "இந்த செட்டில் செவன் அயர்ன் எவ்வளவு தூரம் போகும்?" ஹைபிரிட் வடிவ அயர்ன்களை (மெல்லிய தலையுள்ள அயர்ன் மட்டைக்குப் பருத்த தலையுள்ள ஹைபிரிட் மட்டையின் உடம்பைக் கொடுத்தவை) பொறுத்தவரை இதைவிட ஆளை ஏமாற்றும் கேள்வி வேறில்லை. பழைய செவன் அயர்னின் லாஃப்ட் (ஃபேஸ், அதாவது பந்தை அடிக்கும் முகம், பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்) 34, 35 டிகிரி இருந்தது. இன்றைய 'எளிதாக அடிக்கலாம்' ரக செட்டுகள் பலவற்றில் அது 28லிருந்து 30 டிகிரிக்குள் வந்துவிட்டது. ஷாஃப்டும் (மட்டையின் தண்டும்) பழையதைவிடச் சற்று நீளம். சோலில் (தலையின் அடிப்பகுதியில்) 7 என்று பொறித்திருந்தாலும் நீங்கள் கையில் பிடித்திருப்பது பழைய கணக்கில் அதிகத் தூரம் போகும் ஆறோ ஐந்தோதான். பத்துப் பதினைந்து யார்டு கூடுதலாகப் போகாமல் என்ன செய்யும்?

இந்த அயர்ன்கள் மோசம் என்று சொல்ல வரவில்லை. பலருக்கு நானே இவற்றைத்தான் பரிந்துரைக்கிறேன். கிளீவ்லேண்டின் லாஞ்சர் ஹெச்பி, கோப்ராவின் டி-ரெயில், வில்சனின் லாஞ்ச் பேட் போன்றவற்றை எடுத்துப் பாருங்கள். தலையின் உள்ளே கூடு, பின்பக்கம் புடைப்பு, அகலமான சோல், மெல்லிய ஃபேஸ். எடையின் பெரும்பகுதி கீழேயும் பின்னாலும் போய்விட்டதால் பந்து எளிதில் மேலே எழும்புகிறது. நடுவில் படாமல் டோ (தலையின் நுனி) பக்கமோ ஹீல் (ஷாஃப்ட் சேரும் முனை) பக்கமோ பட்டாலும் தலை அதிகம் திருகிக்கொள்வதில்லை. எடையை ஓரங்களுக்குத் தள்ளும் இந்த யோசனைக்கு வயதாகிவிட்டது. ஜெனரல் எலக்ட்ரிக்கில் பொறியாளராக இருந்த கார்ஸ்டன் சோல்ஹைம் 1959இல் பிங் புட்டரை (குழியை நோக்கிப் பந்தை உருட்டும் மட்டை) செய்தபோதே தொடங்கியது அது. பிறகு அயர்னுக்கு வந்தது, ஹைபிரிட்டுக்குப் போனது, இப்போது ஹைபிரிட் உடம்போடு அயர்னுக்கே திரும்பியிருக்கிறது.

இப்படிப்பட்ட கிளப்போடு நின்றால் மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்று கூச்சப்படுகிறவர்களும் உண்டு. 2009 பிஜிஏ சாம்பியன்ஷிப்பின் கடைசிக் குழியில், டைகர் வுட்ஸுக்கு எதிராகத் தென்கொரிய வீரர் ஒய்.இ. யாங் ஹைபிரிட்டை எடுத்துத்தான் பந்தைக் கொடிக்குப் பக்கத்தில் இறக்கிக் கோப்பையைத் தூக்கினார். கூச்சத்தை ஒதுக்கிவிட்டு வேலையைப் பார்ப்போம்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. இந்த அயர்ன் தவறுகளை மன்னிக்கும், ஆனால் எல்லாத் தவறுகளையும் மன்னிக்காது. குறிப்பாக லை கோணம் (சோல் தரையில் படிந்திருக்கும்போது ஷாஃப்ட் தரையோடு செய்யும் கோணம்) பொருந்தாவிட்டால் எவ்வளவு அகலமான சோலாலும் காப்பாற்ற முடியாது.

ஓய்வுபெற்ற ஒருவர் இணையத்தில் ஒரு செட் வாங்கிக்கொண்டு வந்தார். வலதுகைக்காரர், உயரம் குறைவு. எதை அடித்தாலும் பந்து இடது பக்கம் போகிறது. ஸ்விங்கில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, கிரிப் பிடிக்கும் விதத்தை மாற்றி, அதையும் கெடுத்து வைத்திருந்தார். நான் அவருடைய ஸ்விங்கைத் தொடவே இல்லை. பந்தின் மீது மார்க்கரால் தடிமனாக ஒரு கோடு போட்டேன். கோடு கிளப் ஃபேஸைப் பார்த்தபடி செங்குத்தாக நிற்குமாறு பந்தை வைத்து அடிக்கச் சொன்னேன். ஃபேஸில் பதிந்த மைக்கோட்டின் மேல்முனை டோ பக்கம் நன்றாகச் சாய்ந்திருந்தது. லை அவருக்கு அளவுக்கு மீறி நிமிர்ந்திருக்கிறது, அடிபடும் நேரத்தில் டோ தூக்கிக்கொண்டு நிற்கிறது என்று அதற்குப் பொருள். கோடு ஹீல் பக்கம் சாய்ந்தால் லை படுத்திருக்கிறது. அப்போது பந்து வலப்பக்கம் போகும். இடதுகைக்காரர்களுக்குத் திசை மட்டும் நேர்மாறு. மார்க்கர் ஒன்று இருந்தால் இதை நீங்களே செய்து பார்க்கலாம். ஐந்தாறு பந்து அடித்து, கோடு தொடர்ந்து ஒரே பக்கம் சாய்கிறதா என்று பாருங்கள். ஒரு பந்தை மட்டும் நம்ப வேண்டாம்.

இந்த ரக செட்டுகள் கடைக்கு வரும்போதே லை கொஞ்சம் நிமிர்ந்துதான் வருகின்றன. வலப்பக்கம் வளைத்து அடிக்கிறவர்களுக்கு உதவட்டும் என்ற எண்ணம். கூடவே ஆஃப்செட்டும் அதிகம். ஷாஃப்ட் முன்னால், ஃபேஸ் ஒரு படி பின்னால். ஃபேஸ் மூடிக்கொள்ள அது நேரம் கொடுக்கிறது. ஸ்லைஸ் அடிக்கிறவருக்கு, அதாவது பந்து வலப்பக்கம் வளைந்து போகிறவருக்கு, இது வரம். ஏற்கெனவே பந்து இடப்பக்கம் போகிறவருக்கோ எரிகிற நெருப்பில் எண்ணெய்.

சரி, லையை வளைத்துவிட்டால் போயிற்றே என்பீர்கள். வார்ப்பில் செய்த கூடான தலைகள் எல்லாமே இஷ்டத்துக்கு வளையா. உலோகம் கடினம், ஹோசல் (ஷாஃப்ட் செருகும் குழல்) குட்டை. சிலவற்றில் இரண்டு டிகிரிக்கு மேல் போனால் முறிந்துவிடும், சிலவற்றை வளைக்கவே கூடாது. எத்தனை டிகிரி வரை வளைக்கலாம் என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வாடிக்கையாளருக்கு ஒரு டிகிரி மட்டும் வளைத்தேன், மீதிக்கு ஷாஃப்டை அரை அங்குலம் குறைத்தேன். அரை அங்குலம் குறைத்தால் லை ஏறக்குறைய ஒரு டிகிரி படுத்ததுபோல் வேலை செய்யும். ஆனால் கூடவே ஸ்விங் வெயிட் (சுழற்றும்போது தலை எவ்வளவு கனமாகத் தெரிகிறது என்ற அளவு) மூன்று புள்ளி இறங்கும். "தலையே இல்லாதமாதிரி இருக்கிறதே" என்றார் அவர். தலையின் பின்பக்கம் ஆறு கிராம் அளவுக்கு ஈயப்பட்டை ஒட்டியதும் முகம் தெளிந்தது.

ஃபிட்டிங்குக்குப் போகும்போது உங்கள் பழைய செட்டையும், வழக்கமாக ஆடும் பந்துகள் சிலவற்றையும் எடுத்துப் போங்கள். ரேஞ்ச் (பயிற்சி மைதான) பந்தின் எண்களை வைத்து முடிவெடுப்பது சரிப்படாது. உடம்பு சூடேறிய பிறகு அளவெடுக்கச் சொல்லுங்கள். களைத்துப் போனதும் நிறுத்திவிடுங்கள். லான்ச் மானிட்டர் (பந்தின் வேகம், கோணம், தூரத்தை அளக்கும் கருவி) முன்னால் நின்றதும் பல ஃபிட்டர்கள் மோசமான அடிகளை அழித்துவிட்டு நல்லதை மட்டும் சராசரி எடுப்பார்கள். அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். நீங்கள் காசு கொடுப்பதே அந்த மோசமான அடிகளுக்காகத்தான். சரியாகப் படாத பந்து எவ்வளவு குறைவாகப் போனது, எந்தப் பக்கம் விலகியது? செட்டுக்குச் செட் ஒப்பிட வேண்டியது இதைத்தான்.

அடுத்து இறங்கு கோணத்தைக் கேளுங்கள். மெல்லிய ஃபேஸ், குறைந்த லாஃப்ட் என்றால் சுழற்சி குறையும். பந்து கிரீனில் (குழியைச் சுற்றிய குட்டைப் புல்தரையில்) நிற்க வேண்டுமென்றால் உயரத்திலிருந்து செங்குத்தாக இறங்கியாக வேண்டும். 45 டிகிரியை ஒட்டி வந்தால் நிம்மதி. வெகுவாகக் குறைந்தால் பந்து கிரீனில் விழுந்து நிற்காமல் அதைத் தாண்டி ஓடிவிடும். திரையில் தெரிந்த கூடுதல் பதினைந்து யார்டு அங்கே உதவாது. மெதுவாகச் சுழற்றுகிறவர்கள் லாஃப்ட் கொஞ்சம் தாராளமாக உள்ள மாடலைத்தான் பார்க்க வேண்டும். அவர்கள் கையில் இந்த செட்டுகளின் ஐந்தும் ஆறும் ஏறக்குறைய ஒரே தூரம்தான் போகும். அப்படியானால் ஐந்தை வாங்காதீர்கள். அந்த இடத்தில் ஒரு நிஜ ஹைபிரிட்டோ செவன் வுட்டோ இருக்கட்டும்.

பையின் அடுத்த முனையையும் பாருங்கள். வெட்ஜ் என்பது குறைந்த தூரத்துக்கான, லாஃப்ட் அதிகமான மட்டை. பிட்சிங் வெட்ஜ் 43 டிகிரி, நீங்கள் வைத்திருக்கும் சாண்ட் வெட்ஜ் 56 என்றால் நடுவே 13 டிகிரிக்கு ஒன்றுமே இல்லை. 48, 50 டிகிரியில் ஒரு வெட்ஜ் தேவைப்படும். விதிப்படி பையில் 14 கிளப்தான் என்பதால், மேலே ஒன்றைக் கழற்றினால்தான் கீழே ஒன்று சேரும்.

ஷாஃப்ட் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இவை பெரும்பாலும் இலகுவான கிராஃபைட்டோடு வரும். தோள் பலம் உள்ளவர்கள் அதை அவசரமாக இழுத்து அடித்து இடப்பக்கம் அனுப்புவதைப் பார்க்கிறேன். ஸ்டீலையும் ஒருமுறை கேட்டு அடித்துப் பாருங்கள்.

புதிய செட் கைக்கு வந்ததும் பலரும் பந்தை மேலே தூக்கிவிடப் பார்க்கிறார்கள். தூக்கும் வேலையைத் தலை செய்யும். நீங்கள் வழக்கம்போல் லேசாகக் கீழ்நோக்கியே அடியுங்கள். நீள அயர்ன்களுக்குப் பந்தை நடுவிலிருந்து சற்று முன்கால் பக்கம் வைத்தால் போதும். டிவட் (அடியில் பெயரும் புல்கட்டி) ஆழமாக வராது, புல் உரசிய தடம் மட்டும்தான் தெரியும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது ரேஞ்சில் விரித்திருக்கும் பாயைக் கண்டுதான். பந்துக்கு இரண்டு அங்குலம் முன்னாலேயே தரையைத் தொட்டாலும் அகலமான சோல் பாயின் மேல் வழுக்கிப் போய்ப் பந்தை அடித்துவிடும். சத்தமும் நன்றாக இருக்கும். அதே அடியைப் புல்தரையில் அடித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். எனவே வாங்குவதற்கு முன் புல்லில் அடித்துப் பார்க்க வழியிருக்கிறதா என்று விசாரியுங்கள்.

புல் மெலிந்த கெட்டித்தரையில் இந்த சோல் எகிறி, பந்தின் நடு வயிற்றில் அடிக்கும். அங்கே முழு ஸ்விங் வேண்டாம், முக்கால் போதும். கிரீனைச் சுற்றிய சிறு அடிகளுக்கும் இந்த அயர்ன்கள் ஒத்துவரவில்லை என்பது என் அனுபவம். பந்து ஃபேஸிலிருந்து துள்ளிப் பாய்கிறது, தூரத்தைக் கட்டுப்படுத்த முடிவதில்லை. அதற்குத் தனி வெட்ஜ் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய செட்டை அவசரப்பட்டு விற்றுவிடாதீர்கள். புதியதில் ஒவ்வொரு கிளப்பும் மைதானத்தில் எவ்வளவு போகிறது, எங்கே நிற்கிறது என்று எழுதி ஒரு பட்டியல் தயாராகட்டும். ஓரிரு மாதம் ஆடியபின் மார்க்கர் கோட்டுச் சோதனையை மறுபடி செய்யுங்கள். புதிய எடைக்கும் நீளத்துக்கும் ஸ்விங் பழகியதும் கை இருக்கும் உயரம் மாறும். லையை மீண்டும் ஒரு டிகிரி திருத்த வேண்டி வரலாம். வாங்கிய இடத்திலேயே அந்தத் திருத்தத்தைக் கட்டணமின்றிச் செய்து தருவார்களா என்று முதல் நாளே கேட்டு ரசீதில் எழுதி வாங்கிவிடுங்கள்.