ஷட்டருக்குள் எண்ணெய் விடாதீர்கள், தயவுசெய்து

இன்னொரு கேமரா எண்ணெயில் குளித்துவிட்டு என் மேசைக்கு வந்திருக்கிறது. கேனனெட் க்யூஎல்17 ஜி-III. 1972-ல் வந்த மாடல், 40 மி.மீ. எஃப்/1.7 லென்ஸ், கையடக்க ரேஞ்ச்ஃபைண்டர்களில் (ஜன்னலில் தெரியும் இரண்டு பிம்பங்களை ஒன்றாக்கி ஃபோகஸ் செய்கிற கேமராக்கள்) இன்றைக்கும் நான் மதிக்கிற ஒன்று. அலமாரியில் பல வருஷம் கிடந்ததை அதன் சொந்தக்காரர் எடுத்து அழுத்திப் பார்த்திருக்கிறார், ஃபிலிமுக்கு வெளிச்சத்தை விடும் கதவான ஷட்டர் திறக்கவில்லை. துருப்பிடித்த நட்டுக்கு அடிக்கிற ஸ்ப்ரேயை எடுத்து லென்ஸ் வளையத்தின் இடுக்கில் அடித்துவிட்டார். கொஞ்ச நேரம் பிரமாதமாக ஓடியதாம். மறுநாள் ஒரேயடியாக நின்றுவிட்டது. பின்மூடியைத் திறந்து விளக்கைக் காட்டினால் பின்லென்ஸில் வானவில் நிறத்தில் ஒரு படலம் மினுக்குகிறது. “கொஞ்சம்தான் சார் அடிச்சேன்” என்கிறார். எல்லோரும் கொஞ்சம்தான் அடிக்கிறார்கள்.

ஒரு விஷயத்தை நான் எத்தனை பேரிடம் சொன்னாலும் நம்ப மறுக்கிறார்கள்: இந்த ஷட்டரின் இதழ்களுக்கு எண்ணெயே கிடையாது. புதிதாகச் செய்தபோதும் கிடையாது. இவ்வகைக் கேமராக்களில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே, கண்ணாடிகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது. தாளைவிட மெல்லிய சில உலோக இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கித் திறந்து மூடுகின்றன. 1/500 நொடிக்குள் அது நடந்தாக வேண்டும். அதற்கு அங்கே இருப்பதோ முடியைப்போல மெல்லிய ஒரு ஸ்பிரிங். இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டுப் பிரித்துப் பாருங்கள், எப்படி ஒட்டிக்கொள்கிறது என்று தெரியும். இதழ்களுக்கு நடுவே எண்ணெய் போனாலும் அதே கதைதான். இழுத்துத் திறக்கும் பலம் அந்த ஸ்பிரிங்குக்கு இல்லை.

“நான் எண்ணெய் விடுவதற்கு முன்பே ஒட்டிக்கொண்டுதானே இருந்தது?” என்று கேட்பார்கள். ஆமாம், அதுவும் எண்ணெயால்தான். ஃபோகஸ் திருகு மரையில் தடவிய கிரீஸ் வருஷக்கணக்கில் சும்மா கிடந்தால் அதிலுள்ள எண்ணெய் பிரிந்து மெல்ல ஊர்ந்து இதழ்களுக்கு வந்துவிடும். பிறகு அது கெட்டியாகிக் கோந்தாகிவிடும். ஆக, எண்ணெய் அதிகமானதால் நின்ற ஷட்டருக்கு நீங்கள் மேலும் எண்ணெய் கொடுக்கிறீர்கள். அப்படியானால் ஸ்ப்ரே அடித்ததும் ஏன் ஓடியது? அதில் சீக்கிரம் ஆவியாகும் கரைப்பான் பெரும்பங்கு இருக்கிறது. பழைய கோந்தை அது இளக்கியது, அதனால் ஓடியது. கரைப்பான் பறந்ததும் மிச்சம் நிற்பது எண்ணெய். அந்தச் சில நிமிஷ வெற்றிதான் எல்லோரையும் ஏமாற்றுகிறது. தையல் மிஷின் எண்ணெயாக இருந்தாலும், கைக்கடிகார எண்ணெயாக இருந்தாலும் இதே பதில்தான். எண்ணெய் வேண்டிய இடங்கள் உள்ளே சில உண்டு: ஷட்டரை மெதுவாக ஓடவைக்கும் பற்சக்கரங்களின் அச்சுமுனைகள் மாதிரி. அதை ஊசிமுனையில் எடுத்து, கண்ணால் பார்த்து வைக்க வேண்டும். வெளியிலிருந்து பீய்ச்சினால் அங்கே போகாது, மற்ற எல்லா இடத்துக்கும் போகும்.

ஏற்கெனவே அடித்துவிட்டீர்களா? சரி, நடந்தது நடந்துவிட்டது. சரிசெய்யக் கொடுக்கும்போது எதை அடித்தீர்கள் என்று மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள். யாரும் திட்ட மாட்டார்கள். (மனசுக்குள் திட்டுவோம், அது வேறு.)

இதில் கூடுதல் எரிச்சல் என்னவென்றால், செத்துவிட்டது என்று வருகிற கேமராக்களில் பல சாகவே இல்லை. கேனனெட்டில் லென்ஸின் துளை அளவை மாற்றும் வளையம் ‘ஏ’-யில் (ஆட்டோ) இருந்தால், வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்குப் போதிய வெளிச்சம் தெரியாதபோது பொத்தான் பூட்டிக்கொள்ளும். பேட்டரி இல்லாவிட்டால் மீட்டருக்கு எப்போதும் இருட்டுதான். வளையத்தை ‘ஏ’-யிலிருந்து நகர்த்தி வைத்து அழுத்துங்கள், பேட்டரி இல்லாமலே ஓடும். ஒலிம்பஸ் 35 ஆர்சி-யிலும் இதே பூட்டு உண்டு. கோடாக் ரெட்டினா IIIசி-யில் படக்கணக்கு முள் கீழ்நோக்கி எண்ணிக்கொண்டே வந்து 1-ஐத் தொட்டதும் ஃபிலிமை நகர்த்தும் லீவர் நின்றுவிடும். முள்ளைத் திருப்பி வைத்தால் போதும். யாஷிகா எலக்ட்ரோ 35 பேட்டரி இல்லாதபோது எப்போதும் 1/500-லேயே ஓடும், அது பழுது இல்லை. லீவர் போகவில்லை என்றால் பலத்தைக் காட்டாதீர்கள். உள்ளே பல் முறிந்தால் அதற்கு மாற்று, இன்னொரு செத்த கேமராவிலிருந்து எடுப்பது மட்டும்தான்.

முக்கியமாக, செல்ஃப்-டைமர் லீவரை (சில நொடி கழித்துத் தானே படமெடுக்க வைப்பது) தொடாதீர்கள். கை சும்மா இருக்காமல் அதை இழுத்துப் பார்ப்பார்கள். பழைய கேமராக்களில் அதன் பற்சக்கரம் பாதி வழியில் இறுகி நின்று, நன்றாக இருந்த ஷட்டரையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஷட்டர் உண்மையிலேயே ஒட்டியிருந்தால், நிதானமான கை உள்ளவர்கள் வீட்டிலேயே ஒரு முயற்சி செய்யலாம். லென்ஸின் முன்வளையத்தை ரப்பர் கோப்பையால் அழுத்தித் திருப்பி, முன் கண்ணாடித் தொகுதியைக் கழற்றுங்கள். முன்கண்ணாடியைத் திருப்பியே ஃபோகஸ் செய்கிற மாடலானால், மரை எந்தப் புள்ளியில் விடுபட்டது என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் திரும்பப் போட்ட பிறகு எதுவும் கூர்மையாக விழாது. லைட்டரில் ஊற்றும் நாப்தாவில் பஞ்சுக்குச்சியை லேசாக நனைத்து இதழ்களின் மேல் ஒற்றுங்கள். ஊற்றாதீர்கள். அழுத்தி ஓடவிடுங்கள், வருகிற அழுக்கை உலர்ந்த குச்சியால் துடையுங்கள், குச்சி வெள்ளையாக வரும்வரை திரும்பச் செய்யுங்கள். ஜன்னல் திறந்திருக்க வேண்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது. அசிட்டோன் வேண்டவே வேண்டாம், பெயின்ட்டையும் பிளாஸ்டிக்கையும் கரைத்துவிடும். ஓர் இரவு வைத்து மறுநாள் காலை முதல் அழுத்தலைக் கவனியுங்கள். அதுதான் பரீட்சை. அப்போதும் தயங்கினால் இதழ்களை வெளியே எடுத்துத் துடைக்க வேண்டும். அது வீட்டு வேலை இல்லை. 1/500 டக்கென்று அடிப்பதைக் கேட்டு மகிழ்ந்துவிடாதீர்கள். 1/4, 1/8, 1/15 ஒவ்வொன்றையும் ஓடவிட்டு, பற்சக்கரங்கள் ஓடும் இழுவைச் சத்தம் ஒரே சீராக இருக்கிறதா என்று கேளுங்கள்.

ரேஞ்ச்ஃபைண்டரின் மஞ்சள் கட்டம் மங்கிவிட்டது என்று மேல்மூடியைக் கழற்றுகிறவர்களுக்கு: உள்ளே சாய்வாக நிற்கும், பாதி வெளிச்சத்தை விட்டுப் பாதியைத் திருப்பும் அரைக்கண்ணாடியைப் பஞ்சால் தேய்த்தால் அதன் பூச்சு பஞ்சோடு வந்துவிடும். கட்டமும் அதோடு போய்விடும். ஊதுபந்தால் தூசியை ஊதுங்கள், வெளி ஜன்னல் கண்ணாடிகளின் உட்பக்கத்தை மட்டும் துடையுங்கள். பாதி மங்கல் அங்கேதான் இருக்கும். ஃபிளாஷ் உள்ளேயே பொருத்திய சின்னக் கேமராக்களின் மேல்மூடியைக் கழற்றவே கழற்றாதீர்கள். ஃபிளாஷுக்கு மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெபாசிட்டரில் சுமார் 300 வோல்ட் நிற்கும். பேட்டரியை எடுத்துவிட்டாலும் நிற்கும்.

பேட்டரிக்கு வருவோம். இந்த மீட்டர்களில் பெரும்பாலானவை 1.35 வோல்ட் பாதரச செல்லை நம்பிச் செய்யப்பட்டவை. அமெரிக்காவில் 1996-ல் சட்டம் வந்து பாதரச பட்டன் செல்கள் விற்பனைக்குத் தடை விழுந்தது. இப்போது எங்கும் கிடைப்பதில்லை. அதே அளவில் கிடைக்கும் ஆல்கலைன் செல் 1.5 வோல்ட்டில் தொடங்கி நாளுக்கு நாள் இறங்கும், மீட்டரும் அதோடு சேர்ந்து பொய் சொல்லும். காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 ஜிங்க்-ஏர் செல் 1.4 வோல்ட் தரும், நிலையாகவும் நிற்கும். சுற்றிலும் ஒரு ரப்பர் வளையம் வைத்தால் குழியில் பொருந்தும். காற்றுத் துளைகளை அடைத்துவிடாதீர்கள். குழியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் வினிகர் தொட்ட குச்சியால் துடைத்து உலரவிடுங்கள். அப்புறமும் உயிர் வராவிட்டால் அடியிலுள்ள ஒயர் அரித்துப்போயிருக்கும்.

பின்மூடி ஓரத்து ஒளித்தடுப்பு நுரை தாராக உருகியிருக்கும். நுரை வைத்த பழைய கேமராக்களில் பெரும்பாலும் அப்படித்தான். மரக்குச்சியால் சுரண்டி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துப் புதியதை ஒட்டுங்கள். கீல் பக்கத்தை மறந்துவிடாதீர்கள். சுரண்டும் துணுக்கு பின்லென்ஸில் விழாதபடி மறைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் முடித்த கையோடு அந்தக் கேமராவை ஒரு கல்யாணத்துக்கு எடுத்துப் போகாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். முதல் ரோல் சோதனைக்கு மட்டும். ஸ்லைடு ஃபிலிம் வேண்டாம், சாதாரண நெகட்டிவே போதும். ஒவ்வொரு வேகத்திலும் ஒரு படம், ஒரு மீட்டர் தூரத்தில் இருக்கும் பொருளில் சில, தூரத்துக் கட்டிடத்தில் சில, துளையை முழுக்கத் திறந்து சில. எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கழுவி வந்ததும் நெகட்டிவையே பாருங்கள், பிரிண்ட்டை வேண்டாம். எல்லாப் படமும் தடித்துக் கறுத்திருந்தால் ஷட்டர் இன்னும் மந்தமாக ஓடுகிறது. நீங்கள் குறிவைத்த இடத்துக்கு முன்னாலோ பின்னாலோ கூர்மை விழுந்திருந்தால் ரேஞ்ச்ஃபைண்டரைச் சீர்ப்படுத்த வேண்டும். ஃபிலிமின் ஓரத்து ஓட்டைகளிலிருந்து கறுப்புக் கீற்றுகள் படத்துக்குள் இறங்கியிருந்தால் நுரை ஏதோ ஒரு மூலையில் சரியாக ஒட்டவில்லை.