குழந்தைக்குச் சொல்லித்தருவதும் சட்டம் விதித்த கடமையே: போக்சோ விதிகள் கூறுவது என்ன?

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ளது. குற்றவாளிக்குக் கடும் தண்டனை தரும் சட்டம் என்றே பலரும் இதை அறிந்திருக்கிறார்கள். ஆனால், 2020 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இதன் விதிகள், தம்மைக் காத்துக்கொள்வது எப்படி, உதவி கேட்பது யாரிடம் என்பதை வயதுக்கேற்ற பாடமாகக் குழந்தைகளுக்குச் சொல்லித்தரும் பொறுப்பையும் மத்திய, மாநில அரசுகளுக்கு அளித்துள்ளன. எனவே, பள்ளியில் இவ்வகுப்பு நடத்தும்படி கேட்கப் பெற்றோர் தயங்க வேண்டியதில்லை.

எது குற்றம் என்பதை முதலில் தெளிவாகச் சொல்லித்தர வேண்டும். தொட்டால்தான் குற்றம் என்று பிள்ளைகள் மட்டுமல்ல, பெரியவர்களும் நினைக்கிறார்கள். பாலியல் நோக்கத்துடன் ஆபாசப் படம் காட்டுவது, உடலைக் காட்டச் சொல்வது, நேரிலோ கைபேசி வழியாகவோ விடாமல் பின்தொடர்வது, படத்தை வெளியிட்டுவிடுவேன் என மிரட்டுவது ஆகியவையும் இச்சட்டத்தின்படி பாலியல் தொல்லையே. 18 வயது நிறையாத எவரும் குழந்தை என்பதால் சிறுவர்களுக்கும் இதே பாதுகாப்பு உண்டு. ஆண் பிள்ளைகளிடம் இதைப் பேசாமல் விட்டுவிடும் வழக்கம் மிகவும் கவலைக்குரியது.

உதவி கேட்க, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைக் கட்டணமின்றி இரவிலும் அழைக்கலாம். தமிழ்நாட்டின் பள்ளி மாணவர்களுக்கு 14417 என்ற கல்வி உதவி எண்ணும் உள்ளது. காவல் நிலையத்தில் புகார் தருபவர் ஆதாரத்தைத் திரட்டிக்கொண்டு செல்ல வேண்டியதில்லை. குற்றம் நடக்கக்கூடும் என்ற அச்சமே போதுமானது.

அறிந்தும் தெரிவிக்காமல் மறைப்பவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். தம் கீழ்ப் பணிபுரிபவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. பள்ளியின் நற்பெயரைக் காப்பதாகச் சொல்லிப் புகாரை அமுக்குபவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். அதே சமயம், சொல்லாமல் இருந்ததற்காகக் குழந்தையை ஒருபோதும் தண்டிக்க முடியாது. இந்த ஒன்றைப் பிள்ளைகளிடம் பலமுறை எடுத்துச் சொல்லுங்கள். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்ற பயம்தான் பலரின் வாயை அடைத்துவிடுகிறது.

புகாருக்குப் பின், குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி ஒருவர், சீருடை அணியாமல் வந்து வாக்குமூலம் பெற வேண்டும். எக்காரணம் கொண்டும் குழந்தையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. அவசரச் சிகிச்சை தேவைப்பட்டால், காவல்துறையின் கடிதத்தையோ வேறு ஆவணத்தையோ மருத்துவமனை கேட்டுக் காத்திருக்க வைக்கக் கூடாது. காவல்துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் தர வேண்டும். விசாரணை முடியும்வரை குழந்தைக்குத் துணையாக இருக்கும் உதவியாளர் ஒருவரை, குழந்தை மற்றும் பெற்றோரின் சம்மதத்துடன் அக்குழு நியமிக்கலாம்.