அந்தப் பத்து நிமிடம்

மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டிப் பக்கமிருந்து, தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களை எங்களிடம் கூட்டி வரும் குடும்பங்கள் முதலில் சொல்வது, "இவனுக்கு மனசுல ஒரு கோளாறும் கிடையாது டாக்டர்" என்பதுதான். பல நேரம் அது உண்மை. விசாரித்தால் மனச்சோர்வும் இருக்காது, மனச்சிதைவும் இருக்காது. அப்பா நாலு பேர் முன்னால் திட்டியிருப்பார், கணவன் கைநீட்டியிருப்பான், வட்டிக்காரர் வாசலில் நின்று கத்தியிருப்பார். "சாகணும்னு இல்ல டாக்டர், அந்த நேரத்துல ஒண்ணும் ஓடல" என்பார்கள்.

அந்த நேரம் எவ்வளவு? ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக் நகரில் இப்படிப் பிழைத்த 82 பேரிடம் கேட்ட ஆய்வு 2009இல் வெளியானது. எண்ணம் வந்து 10 நிமிடத்துக்குள் முயன்றதாகச் சொன்னவர்கள் கிட்டத்தட்டப் பாதிப் பேர். குடியும் சேர்ந்துவிட்டால் நிதானம் இன்னும் போய்விடும்.

அதனால் நான் மனசைப் பற்றிக் கேட்கும் அளவுக்கு வீட்டைப் பற்றியும் கேட்பேன். வயலுக்கும் மல்லிகைக்கும் வாங்கிய பூச்சிமருந்து எங்கே இருக்கிறது? பூட்டி வையுங்கள், சாவி வேறொருவரிடம் இருக்கட்டும். வீட்டிலேயே இல்லாவிட்டால் இன்னும் நல்லது. "நினைச்சுட்டா வேற வழியா இல்ல?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி போலத்தான் தெரியும். ஆனால் இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடை செய்த பிறகு, 1990களின் நடுவில் உச்சத்தில் இருந்த தற்கொலை விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. ஆத்திரம் தணியும்வரை கைக்கு எட்டாமல் இருந்தாலே பலர் பிழைத்துக்கொள்கிறார்கள். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பக்கக் கிராமங்களில், ஊருக்குப் பொதுவான இடத்தில் ஆளுக்கொரு பூட்டுப் பெட்டி கொடுத்து மருந்தை வைக்கச் செய்தார்கள். நம் பக்கமும் ஒரு ஊராவது இதைச் செய்து பார்க்கலாம்.

"சும்மா மிரட்டுனா" என்ற பேச்சு மட்டும் எனக்கு ஆகாது. ஒருமுறை முயன்றவருக்கு மறுபடி ஆபத்து அதிகம். நோய் இல்லை என்றாலும் மறுபடி வரச் சொல்வது அதற்குத்தான். வீட்டில் அதைச் சொல்லிக் குத்திக்காட்டவும் வேண்டாம்.

அப்புறம், போலீஸ் கேஸுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குத் தாமதமாக வருகிறார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதி, தண்டிக்காமல் விடச் சொல்கிறது. எனவே யோசிக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். மனசு தாங்காத நேரத்தில் பேச 14416, இரவு பகல் எந்நேரமும், தமிழில், இலவசமாக. 104 எண்ணிலும் பேசலாம்.